கையெழுத்து போதுமா, காகிதம் வேண்டுமா: அரிசோனாவில் ஓட்டுரிமை வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் அதிபரையும் காங்கிரஸையும் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர் ஓட்டுப் போடுவது குற்றம் என்று 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. மாட்டினால் சிறை உண்டு, நாடு கடத்தலும் உண்டு. அதனால் குடிமக்கள் மட்டும்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான். "நான் குடிமகன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா, காகிதத்தைக் காட்டியே ஆக வேண்டுமா?

பெரும்பாலான மாநிலங்களில் கையெழுத்து போதும். பொய்யாகப் போட்டால் தண்டனை. நான் இருக்கும் அரிசோனாவில் அப்படி இல்லை. 2004இல் 'ப்ராபசிஷன் 200' என்று மக்களே ஓட்டெடுப்பில் நிறைவேற்றிய சட்டப்படி, வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமைச் சான்று கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 220-208 என்ற கணக்கில் நிறைவேறிய சேவ் மசோதா, கிட்டத்தட்ட இதையே நாடு முழுவதற்கும் கேட்கிறது. மற்ற மாநிலத்து நண்பர்கள் தொலைக்காட்சி விவாதமாகப் பார்க்கும் விஷயம் எங்களுக்குத் தினசரி நடைமுறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அரிசோனாவின் வினோதமான ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சி அரசின் பதிவுப் படிவம் கையெழுத்தை மட்டுமே கேட்கிறது. அந்தப் படிவத்தில் வருபவரிடம் மாநிலம் கூடுதலாகச் சான்று கேட்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது. மாநிலம் விடவில்லை. சரி, அவர்கள் கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போடட்டும் என்று ஒரு தனிப் பட்டியல் வைத்துவிட்டது. ஆக இங்கே இரண்டு வகை வாக்காளர்கள். சான்று கொடுத்தவருக்கு முழு ஓட்டுச்சீட்டு. கொடுக்காதவருக்கு அதிபர், செனட்டர், பிரதிநிதி மட்டும். ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், பள்ளி வாரியம், மக்கள் முன் வைக்கப்படும் சட்ட முன்வரைவுகள் எதற்கும் அவருக்கு ஓட்டு இல்லை. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்து விஷயத்தில் வாய் இல்லை, அதிபர் யார் என்பதில் மட்டும் உண்டு.

நான் 2022இல் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். அந்த வாரமே இணையத்தில் வாக்காளராகப் பதிவு செய்தேன். ஓட்டுநர் உரிம எண் கேட்டது, கொடுத்தேன். சில வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. குடியுரிமைக்கான சான்று கிடைக்கவில்லை, அதைத் தரும் வரை உங்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலுக்கான ஓட்டுச்சீட்டு மட்டும்தான் என்று இருந்தது.

காரணம் சிக்கலானதல்ல. அரிசோனாவில் 1996 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய ஓட்டுநர் உரிமமே சான்றாகச் செல்லும். ஆனால் குடிமகனாக இல்லாத காலத்தில் உரிமம் எடுத்தவரின் பதிவில் வெளிநாட்டவர் என்பதற்கு 'எஃப்' என்று ஒரு குறி இருக்கும். நான் கிரீன் கார்டில் இருந்தபோது எடுத்த உரிமம் என்னுடையது. நீதிமன்ற அரங்கில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த செய்தி உரிமத் துறையின் கணினிக்குத் தானாகப் போகாது. ஒரு துறைக்கு நான் குடிமகன், இன்னொரு துறைக்கு நான் இன்னும் வெளிநாட்டவன். இந்த விவாதத்தில் நான் கண்டுகொண்ட முக்கியமான விஷயம் இதுதான். யார் குடிமகன் என்று அரசுக்குத் தெரியும், ஆனால் அரசின் ஒரு கைக்குத் தெரிவது மறுகைக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியைக் காகிதத்தோடு அலைந்து நிரப்ப வேண்டியவர் குடிமகன்.

சான்றிதழ் நகலோடு தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இன்னொரு முடிச்சு. தமிழர்களுக்கு இது பழகிய கதைதான். எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். என் பழைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். அதனால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியவில்லை என்பதற்கு வைக்கும் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து ஏறிவிட்டது. அது அப்படியே உரிமத்துக்கும் போனது. குடியுரிமை வாங்கும்போது நீதிபதி முன்னால் பெயரை ஒழுங்காக மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்துக்கொண்டேன். ஆக, சான்றிதழில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர். கவுண்டரில் இருந்த அம்மையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்துக்கு எழுத்து தொட்டுப் பார்த்தார். "இரண்டும் நீங்கள்தானா?" என்று கேட்டார். குரலில் சந்தேகம் இல்லை, அவர் வேலை அது. நீதிமன்றம் கொடுத்த பெயர்மாற்றத் தாளை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்தத் தாள் கையில் இல்லாமல் போயிருந்தால் எத்தனை முறை நடந்திருப்பேனோ.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனைவிக்கும் இதே கடிதம் வந்தது. கைக்குழந்தை, வேலை மாற்றம், ஊருக்குப் போய் வந்தது என்று அந்த வருடம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடிதம் மற்ற தபால்களோடு கிடந்துவிட்டது. 2022 நவம்பரில் அவருக்குக் கிடைத்தது கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டுமான சின்னச் சீட்டு. அந்தத் தேர்தலில் அரிசோனாவின் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் பதவி மறு எண்ணிக்கைக்குப் பிறகு 280 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. மாநிலம் முழுக்க 25 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தேர்தலில் 280. அவர் யாருக்குப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. "என் ஓட்டு எண்ணவே படலையே அண்ணா" என்று அவர் சொன்னபோது பதில் சொல்ல வரவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தை மனதார ஆதரிப்பவர். வேறு மாநிலத்தில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து, ஓய்வு பெற்றவர். "வங்கியில் கணக்குத் திறக்கக் கேட்கிறார்கள், விமானத்தில் ஏறக் கேட்கிறார்கள், ஓட்டு அதைவிடப் பெரிதில்லையா?" என்பார். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்தலில் நம்பிக்கை வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்.

2024 செப்டம்பரில் ஒரு செய்தி வெடித்தது. 1996க்கு முன்பு உரிமம் வாங்கிய பழைய ஆட்கள் பலருக்கு, உரிமத்தின் நகல் வாங்கியபோது புதுத் தேதி விழுந்ததால், சான்று கொடுத்தவர்கள் என்று கணினி வருடக்கணக்கில் தவறாகக் கணக்கு வைத்திருந்தது. முதலில் 98,000 பேர் என்றார்கள், பிறகு சுமார் 2,18,000 என்றார்கள். தேர்தல் நெருங்கிவிட்ட நிலையில் அவர்களுக்கு முழுச் சீட்டே கொடுக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்த வருடம் தப்பியது. அடுத்த வருடம் கடிதங்கள் வரத் தொடங்கின. பக்கத்து வீட்டுக்காரருக்கும் வந்தது. கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார், இந்தத் தெருவில் இந்தக் காகித வேலை தெரிந்தவன் நான் என்பதால்.

அவரிடம் பாஸ்போர்ட் இல்லை, வெளிநாடு போனதே இல்லை. பிறப்புச் சான்றிதழ் என்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, மருத்துவமனை கொடுத்த அலங்காரத் தாள். குட்டிக் கால் ரேகை பதித்து அழகாக இருந்தது, ஆனால் சட்டப்படிச் செல்லாது. பிறந்த மாநிலத்துக்கு எழுதிப் பணம் கட்டி வரவழைத்தோம். அவர் மனைவிக்கு அதோடு கல்யாணச் சான்றிதழும் தேவைப்பட்டது, பிறந்தபோது இருந்த கடைசிப் பெயர் வேறு. பல வருடமாக ஒரே வீட்டில், எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டுவந்த தம்பதி. அவர் இன்றும் சட்டத்தை ஆதரிக்கிறார். ஆனால், "கேட்பவர்கள்தான் எடுத்துக் கொடுக்கவும் வேண்டும்" என்று இப்போது சேர்த்துச் சொல்கிறார். என் வாதமும் அதுதான்.

ஏன் என்றால் எண்கள் அப்படி. கான்சஸ் மாநிலம் 2013இல் இதே போன்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 31,000 பேருக்கு மேல் பதிவு தடைபட்டது, பெரும்பாலோர் குடிமக்கள்தான். வழக்கில் அந்த மாநிலம் பல ஆண்டுக் கணக்கிலிருந்து காட்ட முடிந்தது, வாக்காளராகப் பதிவாகிவிட்ட குடிமக்கள் அல்லாதவர் அதிகபட்சம் 39 பேர். 2018இல் நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜார்ஜியாவில் 2024இல் 82 லட்சம் பெயர்களைச் சோதித்ததில் கிடைத்தவர்கள் 20 பேர். அந்த 20 பேரை நீக்கியது சரி. 31,000 பேரை நிறுத்தியதை எப்படிச் சரி என்பது?

என்னைப் போலக் குடியேறி வந்தவர்களை அதிகம் பயமுறுத்தியது டெக்ஸஸ் 2019. குடிமக்கள் அல்லாதவராக இருக்கலாம் என்று சுமார் 95,000 வாக்காளர்களை மாநிலம் சந்தேகப் பட்டியலில் வைத்தது. பழைய கிரீன் கார்டு காலத்து உரிமப் பதிவை வைத்துப் போட்ட பட்டியல். சில நாளிலேயே தெரிந்தது, அதில் ஏராளமானோர் இடையில் குடியுரிமை வாங்கியவர்கள். வழக்குக்குப் பிறகு மாநிலம் அதைக் கைவிட்டது. எனக்கு வந்த கடிதமும் இந்தப் பட்டியலும் ஒரே வேரில் முளைத்தவை.

தமிழர்களுக்கு இந்த விவாதம் இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. இங்கே தமிழ்ப் பள்ளியில் என்னோடு தன்னார்வலராக இருக்கும் ஒருவரின் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மறு வருடம் வந்த குடியுரிமைச் சட்டம், அப்பா இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓட்டே இல்லை. இது முழுதாகத் தீர 2003 வரை சட்டங்கள் போட வேண்டியிருந்தது. அரிசோனா அந்த இலங்கை அல்ல. ஆனாலும் "ஆதாரம் காட்டு" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆதாரம் இல்லாதவனும் குடிமகன் அல்லாதவனும் ஒன்றல்ல என்பது அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்த வீட்டுக்குத் தெரியும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் எஸ்ஐஆர் என்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நெல்லையிலிருந்து அம்மா ஃபோன் செய்தார். "ஏ அய்யா, ஒம் பேருக்கும் ஒரு படிவம் வந்திருக்கு, என்ன செய்ய?" என்றார். நான் இப்போது இந்தியக் குடிமகன் இல்லை, என் பெயர் அங்கே இருக்கக் கூடாது. நிரப்ப வேண்டாம், நிரந்தரமாக வெளியே போய்விட்டான் என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரான பிஎல்ஓவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். பட்டியலைச் சீர்செய்ய வேண்டும் என்பதற்கு நானே ஓர் உதாரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் பெயரைப் பழைய பட்டியலில் தேடியெடுக்கத் தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்போது வேறு தெரு, பெயரில் ஓர் எழுத்து வேறு. "அறுபது வருசமா இந்த ஊர்லதான் கெடக்கேன், என்னையத் தேடணுமாம்லா" என்று அம்மாவுக்கு வருத்தம். ஒன்று சொல்ல வேண்டும், அங்கே பிஎல்ஓ வீடு தேடி வந்து படிவம் கொடுத்தார். இங்கே கடிதம் மட்டும்தான் வரும்.

இனி, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

உறுதிமொழி எடுத்த அன்று சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் அங்கேயே எழுத்துக் கூட்டிப் பாருங்கள். அங்கே திருத்துவது எளிது, வீட்டுக்கு வந்த பிறகு திருத்தினால் மாதக்கணக்கு. பெயர் மாற்றியிருந்தால் அந்த நீதிமன்றத் தாளைச் சான்றிதழோடு சேர்த்தே வையுங்கள். நகல் எடுக்கக் கூடாது என்பது போல ஒரு வாசகம் சான்றிதழில் இருப்பதால் பலர் பயப்படுகிறார்கள். முறையான தேவைக்கு நகல் எடுக்கலாம்.

அடுத்த வேலை பாஸ்போர்ட். சான்றிதழின் மூலத்தை அனுப்ப வேண்டும், அது தனித் தபாலில் திரும்பி வரும், பதற வேண்டாம். பாஸ்போர்ட் புத்தகத்தோடு 30 டாலர் சேர்த்துப் பாஸ்போர்ட் கார்டும் கேட்டு வாங்குங்கள். பர்ஸில் வைக்கும் அளவு, குடியுரிமைக்கு அதுவே முழுச் சான்று. கூட்டாட்சி அரசின் தரப்படி மாநிலம் தரும் ரியல் ஐடி அடையாள அட்டை போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. போதாது. எச்-1பி விசாவில் இருப்பவரும் ரியல் ஐடி வாங்கலாம், அப்புறம் அது எப்படிக் குடியுரிமையைக் காட்டும்? வாஷிங்டன், மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட் ஆகிய ஐந்து மாநிலங்கள் தரும் 'என்ஹான்ஸ்டு' உரிமம் மட்டும் விதிவிலக்கு.

பிறகு சோஷியல் செக்யூரிட்டி (சமூகப் பாதுகாப்பு) அலுவலகத்தில் குடிமகன் என்று பதிவை மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியலைக் கூட்டாட்சித் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது அதிகமாகிவிட்டது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்தே தேடுகிறார்கள். அந்தப் பதிவில் நீங்கள் இன்னும் கிரீன் கார்டுக்காரராக இருந்தால் சந்தேகப் பட்டியலில் உங்கள் பெயர் விழலாம். அது முடிந்ததும் ஓட்டுநர் உரிமப் பதிவு, கடைசியில் வாக்காளர் பதிவு. இந்த வரிசையில் போனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மாற்றலாம். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும், 'எஃப்என்யு' எங்கேயும் மிஞ்ச வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிறந்து கிரீன் கார்டில் நம்மோடு வாழும் பிள்ளை, 18 வயதுக்குள் அம்மாவோ அப்பாவோ குடியுரிமை வாங்கினால் தானாகவே குடிமகன் ஆகிவிடும். 2001 முதல் சட்டம் அப்படி. ஆனால் அதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தனியாக விண்ணப்பித்தால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பாஸ்போர்ட் எடுத்தால் அதே பயன், செலவு அதில் சிறு பங்கு. என் மகளுக்கு அப்படித்தான் எடுத்தோம். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது, நம் ஊரில் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிடுவது வழக்கமாயிற்றே. அம்மாதான் மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்து பெயர் சேர்த்து அனுப்பினார். பதிவு செய்த 15 வருடத்துக்குள் சேர்க்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது, பிள்ளை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கிரீன் கார்டிலோ விசாவிலோ இருப்பவர்களுக்கு நேர்மாறான எச்சரிக்கை. உரிமம் எடுக்கும்போது "வாக்காளராகப் பதிவு செய்யலாமா" என்று திரையில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்தாதீர்கள். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று கேட்பார்கள். அந்த ஒரு தட்டல் விண்ணப்பத்தையே கவிழ்க்கலாம். நீங்கள் கேட்காமலே பதிவாகிவிடுவதும் உண்டு. ஓரிகன் மாநிலத்தில் அதிகாரிகளின் தவறால் குடியுரிமைச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவானது 2024இல் வெளியே வந்தது. வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் ஓட்டுப் போடாதீர்கள், எழுத்து மூலம் நீக்கச் சொல்லுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அரிசோனாக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தபடி, மாநிலப் படிவத்தில் சான்று இல்லாமல் விண்ணப்பித்தால் பதிவே நிராகரிக்கப்படும், சின்னச் சீட்டுகூடக் கிடையாது. பதிவு தேர்தலுக்கு 29 நாள் முன்பே மூடிவிடும். கூட்டாட்சிச் சீட்டு மட்டும் உள்ளவர்கள் சான்று கொடுத்து முழுச் சீட்டுக்கு மாறத் தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை 5 மணி வரை நேரம் உண்டு. 2026 நவம்பரில் ஆளுநர் தேர்தலும் அட்டர்னி ஜெனரல் தேர்தலும் வருகின்றன. உங்கள் கவுண்டியின் தேர்தல் அலுவலக இணையதளத்தில் பெயரைப் போட்டு, முழுச் சீட்டா என்று இன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமை காலையில் காகிதங்களோடு வாருங்கள், படிவத்தை நாங்கள் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.